என்ன பண்ணுது உங்களுக்கு?

டாக்டர் முன்னால் போய் உட்காருகிறீர்கள். "என்ன பண்ணுது?" என்று கேட்கிறார். ரொம்ப சாதாரணமான கேள்விதான். நீங்கள் சொல்லும் பதில் என்ன?

"கேஸ் டிரபிள் டாக்டர்."

"உடம்பு சூடு பிடிச்சிருக்கு."

"பித்தம் தலைக்கேறிடுச்சு போலிருக்கு."

"முந்தாநாள் கல்யாண வீட்டுல சாப்பிட்டது ஒத்துக்கலை."

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த நாலு பதிலில் ஒன்றாவது டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதிலா? அவர் கேட்டது 'என்ன பண்ணுது' என்று. நீங்கள் சொன்னது 'எதனால் பண்ணுது' என்று! அதாவது, டாக்டர் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள். நீங்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலையை யாரும் செய்யவில்லை.

'எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் வலிக்கிறது' என்பதை எந்த ஸ்கேனும் எக்ஸ்-ரேயும் சொல்லாது. அதற்கு உலகத்திலேயே ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அது நீங்கள்.

அந்தச் சாட்சியை எப்படிப் பழக்குவது? இந்த ஒரு கேள்விக்காகவே நூறு வருஷத்துக்கும் முன்னால் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பேராசிரியர்கள் தங்கள் மாணவர்களைப் பெண்டு நிமிர்த்தியிருக்கிறார்கள். பி.எட். படித்தவர்களும் சைக்காலஜி படித்தவர்களும் 'அகநோக்கு முறை' என்று ஒரு பாடத்தை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்தும் போயிருப்பார்கள். அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது!

ஒரு டாக்டர் ஆரம்பித்த கதை

வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் 1832-ல் ஜெர்மனியில் பிறந்தவர். 1856-ல் ஹைடல்பெர்க்கில் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு கண், காது, நரம்பு பற்றியெல்லாம் பெரிய ஆராய்ச்சிகள் செய்த ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்தார். 1879-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மனதை ஆராய்வதற்கென்றே ஒரு லேப் ஆரம்பித்தார். இன்றைக்கும் உளவியலின் பிறந்த வருஷம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இந்த 1879-ஐத்தான்.

'மனதை எப்படி லேபில் வைத்து ஆராய்வது?' என்று கேட்கிறீர்களா? வுண்ட் காலத்திலும் அதைத்தான் கேட்டார்கள். பிரான்ஸ் நாட்டுத் தத்துவ அறிஞர் காம்ட் அதற்கு முன்பே ஒரு குண்டு போட்டிருந்தார். யோசிக்கிற ஆளே தன்னை இரண்டாகப் பிளந்துகொண்டு, ஒரு பாதி யோசிக்க, மறுபாதி அதை வேடிக்கை பார்க்க முடியுமா என்பது அவருடைய வாதம். உங்களுக்குக் கோபம் வரும்போது 'எனக்கு எப்படிக் கோபம் வருகிறது?' என்று கவனிக்க ஆரம்பித்துப் பாருங்கள். பாதிக் கோபம் அங்கேயே போய்விடும். பார்க்கப் போன பொருளே காணாமல் போனால் ஆராய்ச்சி எப்படி நடக்கும்?

வுண்ட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு 'என் மனசு இப்படி, என் குணம் அப்படி' என்று அளப்பதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. சின்னச் சின்ன உணர்ச்சிகள்தான் அவருக்கு வேண்டும். ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், தோலில் ஒரு தொடுதல். அதற்கும் நாலு நிபந்தனைகள் போட்டார்.

ஒன்று, உணர்ச்சி எப்போது ஆரம்பிக்கப் போகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, முழுக் கவனத்தோடு தயாராக இருக்க வேண்டும். மூன்று, அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும். நாலு, சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், வேகத்தை மாற்றியும், 'எது மாறினால் உணர்ச்சி மாறுகிறது?' என்று பார்க்க வேண்டும்.

அங்கே சோதனைக்கு உட்காரும் ஆள் தெருவில் போகிறவர் அல்ல. மாணவர்களேதான்! இன்றைக்கு ஒருவர் கருவியை இயக்குவார், இன்னொருவர் உணர்ந்து சொல்வார். நாளைக்கு இடம் மாறிக்கொள்வார்கள். வுண்டின் லேபில் பத்தாயிரம் முறைக்குக் குறைவாகப் பழகியவர் சொன்ன பதிலை ஆராய்ச்சிக் கட்டுரையில் சேர்க்க மாட்டார்கள் என்று போரிங் என்ற பேராசிரியர் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். நம்மூர் வீணை வித்வான்கள் கெட்டார்கள் போங்கள்!

டிக்... டிக்... டிக்...

வுண்ட் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றை நீங்கள் இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம். இசை படிப்பவர்கள் தாளத்துக்காக வைத்துக்கொள்ளும் 'மெட்ரோனோம்' என்ற கருவியை அவர் ஓட விட்டார். உங்களுக்குச் சத்தம் போடும் சுவர்க் கடிகாரம் போதும்.

எல்லோரும் தூங்கிய பிறகு அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு 'டிக்'கும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. ஆனால், கொஞ்ச நேரத்தில் உங்கள் காதில் 'டிக்-டாக், டிக்-டாக்' என்று ஜோடி ஜோடியாக விழ ஆரம்பிக்கும். ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக. கடிகாரம் செய்யாத வேலையை உங்கள் மனசு செய்கிறது!

இன்னும் கவனியுங்கள். அடுத்த 'டிக்'குக்காகக் காத்திருக்கும் அந்த நொடியில் உள்ளே ஒரு சின்ன இறுக்கம். அது விழுந்ததும் 'அப்பாடா' என்று ஒரு தளர்ச்சி. வேகம் கூடினால் கொஞ்சம் பரபரப்பு, குறைந்தால் ஓர் அமைதி. ஒரு தாளம் பிடிக்கிறது, இன்னொன்று பிடிக்கவில்லை. இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான், இன்பம்-துன்பம், பரபரப்பு-அமைதி, இறுக்கம்-தளர்ச்சி என்ற மூன்று ஜோடிகளில் எல்லா மன உணர்ச்சிகளையும் அடக்கலாம் என்றார் வுண்ட்.

'மேஜை' என்று சொன்னால் ஃபெயில்!

வுண்டின் மாணவர்களில் ஒருவர் எட்வர்ட் டிச்னர். இங்கிலாந்துக்காரர். 1892-ல் லைப்சிக்கில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆக்ஸ்ஃபோர்டு கறுப்பு கவுன் மாட்டிக்கொண்டு வகுப்பெடுத்த, கண்டிப்பான வாத்தியார். 1901-லும் 1905-லும் அவர் வெளியிட்ட லேப் கையேடுகள் மொத்தம் நாலு புத்தகங்கள். மாணவருக்குத் தனி, ஆசிரியருக்குத் தனி. மனதைக் கவனிப்பதை வகுப்பறைப் பாடமாக்கியது அந்தப் புத்தகங்கள்தான்.

டிச்னர் வகுப்பில் ஒரு பெரிய குற்றம் உண்டு. அதற்குத் 'தூண்டல் பிழை' என்று பெயர். எதிரே இருக்கும் பொருளைப் பார்த்து "மேஜை தெரிகிறது" என்று மாணவர் சொன்னால் தப்பு. மேஜை என்பது உங்களுக்கு முன்பே தெரிந்த விஷயம். இப்போது கண்ணில் விழுவது ஒரு பழுப்பு நிறம், ஒரு பளபளப்பு, ஒரு வடிவம். அதைச் சொல்லுங்கள் என்பார். தெரிந்ததைச் சொல்லாதே, உணர்வதைச் சொல். இதுதான் டிச்னரின் பாடம்.

இப்போது நம் 'கேஸ் டிரபிளை' நினைத்துப் பாருங்கள். கேஸ் என்பது மேஜை மாதிரி! உள்ளே நிஜமாக நடப்பது என்னவோ மேல் வயிற்றில் ஒரு எரிச்சல், ஒரு உப்பல், அல்லது நெஞ்சில் ஒரு அழுத்தம். 'கேஸ்' என்ற ஒரே வார்த்தையில் மூன்றையும் போட்டு மூடிவிட்டால், எது எதுவென்று டாக்டருக்கு எப்படித் தெரியும்?

வாயில் எத்தனை ருசி?

டிச்னர் சொல்லும் உதாரணம் எலுமிச்சை ஜூஸ். 'எலுமிச்சை ருசி' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால், அதில் புளிப்பு இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, எலுமிச்சை வாசனை இருக்கிறது, ஜில்லென்ற குளிர்ச்சி இருக்கிறது, நாக்கில் ஒரு சுருக்கென்ற குத்தல் இருக்கிறது. ஐந்தும் சேர்ந்துதான் 'ருசி'.

சந்தேகமா? மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். புளிப்பும் இனிப்பும் இருக்கும். எலுமிச்சை இருக்காது! கையை எடுத்ததும் எலுமிச்சை 'குப்'பென்று வந்து சேரும். ஜலதோஷம் பிடித்தால் "வாய்க்கு ருசியே இல்லை" என்கிறோமே, அப்போது பெரும்பாலும் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அடைத்துக்கொண்டது மூக்கு.

இன்னொரு வேடிக்கை. கார்னெலில் பென்ட்லி என்பவர் 1900-ல் 'ஈரம்' என்ற உணர்ச்சியை ஆராய்ந்தார். மெல்லிய ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, குளிர்ந்த தண்ணீரில் கையை விடுங்கள். உள்ளே கை காய்ந்துதான் இருக்கும். ஆனாலும் நனைந்த மாதிரியே இருக்கும்! பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போட்டுக்கொள்பவர்கள் 'கையுறை ஓட்டையாயிடுச்சா?' என்று கழற்றிப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். நம் தோலில் ஈரத்தை உணர்வதற்கென்று தனி நரம்பு முனை கிடையாது. குளிர்ச்சியும் அழுத்தமும் சேர்ந்தால் மூளை அதை 'ஈரம்' என்று எடுத்துக்கொள்கிறது.

டியூபை விழுங்கிய மாணவர்கள்

விளையாட்டாகத் தெரியும் இந்தப் பாடத்துக்காக அந்த நாளில் சிலர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

பசி என்றால் என்ன? ஹார்வர்டில் கானன் என்ற பேராசிரியருக்கு இந்தச் சந்தேகம். அவருடைய மாணவர் வாஷ்பர்ன், நுனியில் ஒரு பலூன் கட்டிய ரப்பர் டியூபை விழுங்கிப் பழகினார். வயிற்றுக்குள் பலூனை ஊதி, வயிறு சுருங்கும்போதெல்லாம் ஒரு முள் காகிதத்தில் கோடு போடும்படி செய்தார்கள். அந்தக் கோடு வாஷ்பர்ன் கண்ணில் படாது. பசி கிள்ளும்போது அவர் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பட்டன் அழுத்தியதும் வயிறு பலமாகச் சுருங்கியதும் ஒத்துப்போயின. 1912-ல் இது வெளியாயிற்று. ஆனால், பசிக்கு வயிறு மட்டும் காரணமல்ல என்பது பிற்பாடு தெரிந்தது. வயிற்றையே ஆபரேஷனில் எடுத்தவர்களுக்கும் பசித்தது!

மேலே சொன்ன போரிங்கும் சும்மா இருக்கவில்லை. டிச்னரின் மாணவர் அவர். உணவுக்குழாயிலும் வயிற்றிலும் சூடு, குளிர்ச்சி எல்லாம் எப்படித் தெரிகிறது என்று டியூப் வழியாகத் தண்ணீர் விட்டுச் சோதித்து 1915-ல் எழுதினார். அதோடு, தன் கையில் ஒரு நரம்பையே அறுக்கச் செய்து, உணர்ச்சி எப்படித் திரும்பி வருகிறது என்று கவனித்தார்.

இதற்கும் முன்னோடி, லண்டன் நரம்பியல் டாக்டர் ஹென்றி ஹெட். வலியைப் பற்றி நோயாளிகள் தெளிவாகச் சொல்வதில்லை என்பது அவருடைய குறை. 'சரி, நானே நோயாளியாகிவிடுகிறேன்' என்று 1903 ஏப்ரலில் தன் இடது முன்கையில் தோலுக்குப் போகும் நரம்பை வெட்டித் தைக்கச் செய்தார். வாரக் கடைசிகளில் கேம்பிரிட்ஜுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வார். நண்பர் ரிவர்ஸ் ஊசி, பஞ்சு, சூடான குழாய், குளிர்ந்த குழாய் எல்லாம் வைத்துத் தொட்டுக்கொண்டே இருப்பார். நாலு வருஷத்துக்கும் மேல் இது நடந்தது. (இந்த ரிவர்ஸ் நம் நீலகிரிக்கு வந்து, 1901-02ல் தோடர்களோடு தங்கி, அவர்களுடைய புலன்களையும் வாழ்க்கையையும் ஆராய்ந்து 1906-ல் புத்தகம் எழுதியவர்.)

தயவுசெய்து நீங்கள் யாரும் இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்!

வாத்தியார் சொன்னதே தெரிந்தது!

இவ்வளவு கஷ்டப்பட்டும் இந்த முறை ஏன் தோற்றது? அங்கேதான் நமக்கான பாடமே இருக்கிறது.

வுண்டின் பழைய உதவியாளர் கியுல்பே. அவர் வூர்ஸ்பர்க் நகரில் தனியாக லேப் வைத்தார். அங்கே 1901-ல் மார்பே என்பவர், இரண்டு எடைகளைத் தூக்கிப் பார்த்து எது கனம் என்று சொல்லச் சொன்னார். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். 'முடிவெடுத்த அந்த நொடியில் மனசுக்குள் என்ன நடந்தது?' என்று கேட்டால், ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பதில் தானாக வந்து நின்றது, அவ்வளவுதான்! பிறகு பியூலர் என்பவர் இன்னும் கடினமான கேள்விகளைக் கேட்டு 1907-ல் இதே முடிவுக்கு வந்தார். எந்தப் பிம்பமும் சொல்லும் உணர்ச்சியும் இல்லாமலே எண்ணம் ஓடும் என்றது அந்தக் கூட்டம்.

வுண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. இது சோதனையே இல்லை, சோதனை மாதிரி ஒரு வேஷம் என்று 1907-ல் எழுதினார். டிச்னரோ, 'என் மாணவர்களுக்கு எப்போதும் ஏதாவது ஒரு பிம்பமோ உணர்ச்சியோ தெரிகிறதே, உங்கள் ஆட்களுக்குப் பழக்கம் போதவில்லை' என்ற தோரணையில் பதில் சொன்னார்.

யார் சொல்வது சரி? தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஒருவர் மனசுக்குள் இன்னொருவர் புகுந்து பார்க்க முடியாதே! வூர்ஸ்பர்க்கில் பழகியவருக்கு வூர்ஸ்பர்க் வாத்தியார் சொன்னது தெரிந்தது. கார்னெலில் பழகியவருக்குக் கார்னெல் வாத்தியார் சொன்னது தெரிந்தது. கண் கொடுத்த வாத்தியாரே காட்சியையும் கொடுத்துவிட்டார்!

1913-ல் அமெரிக்காவின் வாட்சன், 'உள்ளே பார்ப்பதெல்லாம் போதும், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளப்போம்' என்று கொடி தூக்கினார். பேச வராத குழந்தையையும் விலங்குகளையும் இந்த முறையால் ஆராய முடியாது என்பதும் பெரிய குறையாக இருந்தது. 1927-ல் டிச்னர் இறந்ததோடு அவருடைய பள்ளியும் மறைந்தது.

ஆனால், விதை நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. வுண்டின் மாணவர் மியுன்ஸ்டர்பெர்க், ஹார்வர்டில் பேராசிரியர். அவரிடம் படித்த நரேந்திரநாத் சென் குப்தா 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலை ஆரம்பித்து வைத்தார். லைப்சிக்கில் வுண்டிடம் பட்டம் வாங்கியவர் ஸ்பியர்மேன். லண்டனில் அவரிடம் படித்த எம்.வி.கோபாலசுவாமி 1924-ல் மைசூரில் உளவியல் துறையை நிறுவினார்.

'என்ன' சரி, 'ஏன்' தப்பு

சரி, அகநோக்கு முறை செத்தே போய்விட்டதா? இல்லை. இன்றைக்கும் ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நர்ஸ் கேட்கிறாரே, "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?" என்று. அது என்ன? 1975-ல் கனடாவின் மெல்சாக், வலியைச் சொல்ல 78 வார்த்தைகளை 20 பிரிவுகளாகத் தொகுத்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். மெக்கில் வலிக் கேள்வித்தாள் என்று பெயர். உலகம் முழுக்கப் பயன்பட்டது. எல்லாம் டிச்னர் வழிதான்.

ஆனால், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. 1977-ல் நிஸ்பெட், வில்சன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மேஜை மேல் நாலு ஜோடி நைலான் காலுறைகள். 'எது நல்ல தரம்?' என்று கேட்டார்கள். நிறையப் பேர் வலது கோடியில் இருந்ததையே எடுத்தார்கள். காரணம் கேட்டால் நெசவு, நயம் என்று விதவிதமாகச் சொன்னார்கள். நிஜத்தில் நாலும் ஒரே சரக்கு! வலது பக்கம் இருந்ததால் எடுத்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஜவுளிக்கடையில் புடவை எடுப்பவர்களுக்கு இது புரியும். 'பிடிச்சிருக்கு' என்பது உண்மை. 'ஏன் பிடிச்சிருக்கு' என்பதற்கு நாம் சொல்லும் காரணம் பாதி கற்பனை. உணர்ச்சிக்கு நீங்கள் நல்ல சாட்சி. காரணத்துக்கு அவ்வளவு நல்ல சாட்சி இல்லை.

ஞாபகமும் அப்படித்தான். 1996-ல் ரெடல்மியர், கானமன் இருவரும் பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையின்போது, நோயாளிகளிடம் நிமிஷத்துக்கு நிமிஷம் வலியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிற்பாடு 'மொத்தத்தில் எப்படி இருந்தது?' என்று கேட்டபோது, உச்சத்தில் இருந்த வலியும் கடைசியில் இருந்த வலியும்தான் ஞாபகத்தில் நின்றன. எவ்வளவு நேரம் வலித்தது என்பது கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது!

அதனால், "மாசத்துக்கு எத்தனை நாள் தலைவலி?" என்று டாக்டர் கேட்டால் ஞாபகத்தை நம்பாதீர்கள். காலண்டரில் குறித்து வையுங்கள்.

வகுப்பில் செய்து பாருங்கள்

ஆசிரியராக இருப்பவர்களுக்கும், வீட்டில் சைக்காலஜி, நர்சிங் படிக்கும் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் ஒரு யோசனை. 'அகநோக்கு என்றால் என்ன?' என்று டெஃபினிஷனில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் செய்ய விடுங்கள்.

மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் இரண்டு தீக்குச்சிகளின் அடிப்பக்கத்தால் ஒரே நேரத்தில் மெதுவாகத் தொடட்டும். விரல் நுனியில் 2 மில்லிமீட்டர் இடைவெளியே இரண்டாகத் தெரியும். முதுகில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் விலகியிருந்தால்தான் இரண்டு என்று தெரியும்! வெபர் 1834-லேயே இதை அளந்து எழுதியிருக்கிறார்.

அடுத்து, எல்லோரும் ஒரே மிட்டாயைச் சுவைத்து, பெயரைச் சொல்லாமல் ஐந்து வரி எழுதட்டும். பிறகு வகுப்பின் ஒரு பாதியிடம் மட்டும் 'இதில் லேசாகக் கசப்பு தெரியும்' என்று காதில் போட்டுவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். கசப்பே இல்லாத மிட்டாயில் எத்தனை பேருக்குக் கசக்கிறது என்று எண்ணுங்கள். வூர்ஸ்பர்க் சண்டை ஏன் தீரவில்லை என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம். அவர்களே சொல்வார்கள்.

டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்

வலிக்கு நம் பாஷையில் இருக்கிற வார்த்தைகள் மாதிரி எங்கே கிடைக்கும்? குத்துது, குடையுது, எரியுது, காந்துது, கடுக்குது, பிசையுது, இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சுருக் சுருக்குங்குது, மதமதங்குது, பாறாங்கல்லை வெச்ச மாதிரி அழுத்துது... பாட்டிமார்கள் எல்லோரும் டிச்னரிடம் பாஸ் பண்ணியிருப்பார்கள்! வெட்கப்படாமல் அதே வார்த்தையைச் சொல்லுங்கள். எரிவதும் அழுத்துவதும் டாக்டருக்கு வேறு வேறு தகவல்.

* எங்கே? ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா, உள்ளங்கையால் தடவித்தான் காட்ட முடிகிறதா? வேறு எங்காவது பரவுகிறதா?

* எப்படி? மேலே சொன்ன வார்த்தைகளில் எது?

* எவ்வளவு? பத்துக்கு எத்தனை?

* எப்போது ஆரம்பித்தது, எத்தனை நேரம் இருந்தது? நடந்தால், சாப்பிட்டால், குனிந்தால், மூச்சை இழுத்தால் கூடுகிறதா, குறைகிறதா?

* கடைசியாக, உங்களுக்குத் தோன்றும் காரணம். அதைச் சொல்லவே கூடாது என்றில்லை. 'இது என் ஊகம்' என்று தனியாகச் சொல்லுங்கள், போதும்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது "வயிறு வலிக்குதா? தலை வலிக்குதா?" என்று நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. எதைக் கேட்டாலும் அது தலையை ஆட்டும்! "என்னடா கண்ணு பண்ணுது, எங்கே, காட்டு" என்று மட்டும் கேளுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்தம், கனம், இறுக்கம். அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது. கூடவே வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. 'கேஸ்தான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பதால் போகும் உயிர்கள் உண்டு. உடனே 108-க்கு போன் செய்யுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலியே தெளிவாக இல்லாமல், திடீர்க் களைப்பு, மூச்சு வாங்கல், குமட்டல் என்றும் மாரடைப்பு வரலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிலர் நாள் முழுக்க நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கவனிக்கக் கவனிக்க உணர்ச்சி பெரிதாகும். இப்போது உங்கள் நாக்கு வாய்க்குள் எங்கே இருக்கிறது என்று நினையுங்கள். இதுவரை தெரியாத நாக்கு இனி கொஞ்ச நேரம் இடைஞ்சலாகவே இருக்கும்! வுண்டின் மாணவர்கள்கூடச் சோதனை நேரத்தில்தான் அப்படிக் கவனிப்பார்கள். நீங்களும் குறித்துவைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

மனசுக்கும் இதே கணக்குத்தான். 'எல்லாம் என் தலைவிதி' என்பது காரணம். 'தூக்கம் வரலை, எதிலயும் பிடிப்பில்லை, காலையில எழுந்திருக்கவே கனமா இருக்கு' என்பது உணர்ச்சி. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போய், இரண்டாவது வரியைச் சொல்லுங்கள். முதல் வரியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.